மேடையைப் பிரித்து ஆற்றைக் கடந்தவர்கள்

ஷேக்ஸ்பியரின் நாடகக் கொட்டகை அழிந்து மீண்ட கதை

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி இரவு. கோயிலுக்கு எதிரே காலித் தகர டிரம்களை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள். லயத்துச் சனமெல்லாம் பாயும் சாக்கும் கொண்டுவந்து தரையில் விரித்து உட்கார்ந்திருந்தது. காலையில் பால் வெட்டப் போன என் அப்பா, இரவில் சேலை கட்டிச் சந்திரமதியாக வந்து, மயானத்தில் மகனை மடியில் கிடத்தி அழுதார். பக்கத்தில் இருந்த பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அது என் அப்பா என்று தெரிந்திருந்தும் நானும் அழுதேன்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மேடை நின்ற இடத்தில் இப்போது யாருடைய வீட்டு வாசலோ இருக்கிறது. நாங்கள் ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் குடியேறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

இதெல்லாம் எதற்காக நினைவுக்கு வந்தது என்கிறீர்களா, நேயர்களே? சில வாரங்களுக்கு முன் பள்ளியிலிருந்து வந்த பேரன் ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, ஷேக்ஸ்பியர் நாடகத்தையெல்லாம் அப்ப எங்க தாத்தா ஆடுனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நானூறு ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்துக் கதையாக அது தோன்றவில்லை. நம் தோட்டத்துக் கதையாகவே தோன்றியது. படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

தச்சர் கட்டிய கொட்டகை

முதலாம் எலிசபெத் அரசி ஆண்ட காலம். இங்கிலாந்தின் நாடகக்காரர்களுக்கு அப்போது நிலையான கொட்டகை கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் சத்திரத்து முற்றங்களில் ஆடுவார்கள். முற்றத்தில் மேடை போட்டுவிட்டால், சுற்றியுள்ள மாடித் தாழ்வாரங்களில் சிலரும் கீழே தரையில் பலரும் நின்று பார்ப்பார்கள். லண்டன் நகரசபைக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. கூட்டம் கூடும், சண்டை வரும், கொள்ளைநோய் பரவும், பையன்கள் வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்ப்பார்கள் என்று குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் தச்சுத் தொழில் கற்று, பிறகு நடிகரானவர். 1576-ல் மளிகை வியாபாரியான தம் மைத்துனரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, நகரசபையின் கை எட்டாத ஷோர்டிச் என்ற இடத்தில் மரத்தால் ஒரு கொட்டகை கட்டினார். அதற்குத் 'தியேட்டர்' என்றே பெயர் வைத்தார். நாம் இன்று படம் பார்க்கப் போகும் இடத்துக்குச் சொல்கிறோமே, அதே சொல்தான்!

கொட்டகை பர்பேஜுடையது. ஆனால் அது நின்ற மண் ஜைல்ஸ் ஆலன் என்ற நிலச் சொந்தக்காரருடையது. இருபத்தொரு ஆண்டுக் குத்தகை. 1597-ல் தவணை முடியும் சமயத்தில் பர்பேஜ் இறந்துபோனார். அவருடைய மக்கள் கத்பர்ட்டும் ரிச்சர்டும் குத்தகையை நீட்டிக் கேட்டார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கொட்டகையைப் பிரித்து அந்த மரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தும் எண்ணம் ஆலனுக்கு இருந்ததாக அண்ணன் தம்பிகளுக்குத் தெரிய வந்தது.

தோட்டம் கைமாறும்போது நம்மவர்களுக்கும் இதே கதிதானே? ஐம்பது ஆண்டு இருந்த லயம், நட்டு வளர்த்த தென்னை, கும்பிட்ட கோயில் எல்லாம் அடுத்தவர் மண்ணில்தான் நின்றன.

மண் உன்னுடையது, மரம் எங்களுடையது

பர்பேஜ் சகோதரர்கள் பழைய குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். கட்டியவர் தம் கட்டடத்தைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்று அதில் ஒரு வாசகம் இருந்தது.

1598 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் காலம். நிலக்காரர் ஆலன் வெளியூரில் இருந்தார். பீட்டர் ஸ்திரீட் என்ற தலைமைத் தச்சரும் பன்னிரண்டு பேர் அளவில் ஆட்களும் வந்து கொட்டகையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். தடுக்க வந்த ஆலனுடைய ஆட்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்படிப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம் அக்காலத் தச்சு முறை. ஒரு மரத்தில் துளை போட்டு, மற்ற மரத்தின் நுனியை அதில் பொருந்தும்படி செதுக்கி, இரண்டையும் சேர்த்து மரமுளை அடித்து இறுக்குவார்கள். எந்த மரம் எதோடு சேரும் என்று தச்சர் அடையாளம் வெட்டி வைத்திருப்பார். முளையைத் தட்டி எடுத்தால் சட்டம் தனித்தனியாகக் கழன்றுவிடும். வேறு இடத்தில் அப்படியே பூட்டலாம்.

அந்தச் சட்டங்கள் தேம்ஸ் நதியைக் கடந்து தென்கரைக்குப் போயின. 1599-ல் அங்கே புதிய கொட்டகை எழுந்தது. அதன் பெயர் 'குளோப்'. உலக உருண்டை என்று பொருள்.

ஆலன் சும்மா இருக்கவில்லை. 800 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஆட்கள் நடந்து புல் மிதிபட்டதற்குக்கூட 40 ஷில்லிங் கேட்டார்! கடைசியில் வழக்கில் தோற்றார்.

புதிய கொட்டகை கட்டப் பர்பேஜ் சகோதரர்களிடம் பணம் போதவில்லை. ஆகவே பாதிப் பங்கை அவர்கள் வைத்துக்கொண்டு, மறுபாதியை ஐந்து நடிகர்கள் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஐவரில் ஒருவர்தான் நாடகம் எழுதிய வில்லியம் ஷேக்ஸ்பியர். அவருடைய பங்கு பத்தில் ஒன்று. கூலிக்கு ஆடியவர்கள் கொட்டகைக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

இங்கே நமக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-ல், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பத்து வெள்ளி பத்து வெள்ளியான சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே அதன் திட்டம். பங்கு போட்டுச் சொந்தமாக்கிக்கொள்வது என்ற யோசனை அந்த நடிகர்களுக்கும் நம் பால்மரத் தொழிலாளிக்கும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஒரு பென்னிக்கு நாடகம்

குளோப் கொட்டகையைச் சற்று உள்ளே போய்ப் பார்ப்போமா?

ஏறக்குறைய வட்டமான மூன்று மாடிக் கட்டடம். நடுவில் திறந்த முற்றம். முற்றத்துக்குள் நீண்டுவரும் மேடை. சுற்றிலும் உள்ள மாடிகளுக்கு நாணல் வேய்ந்த கூரை. நம் அத்தாப்புக் கூரை மாதிரி. விளக்கு வசதி இல்லாததால் பிற்பகல் வெளிச்சத்தில்தான் நாடகம். மழை வந்தால் முற்றத்தில் நிற்பவர்கள் நனைய வேண்டியதுதான்.

முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. மாடியில் உட்கார இன்னொரு பென்னி. அக்காலத்துத் தேர்ந்த தச்சருக்கே நாள் கூலி பன்னிரண்டு பென்னி அளவில்தான். அப்படியும் கூலிக்காரர், கடைப் பையன், படகோட்டி, மீன் விற்கும் பெண் எல்லாரும் வந்து நின்றார்கள். ஹாம்லெட்டையும் மாக்பெத்தையும் முதலில் பார்த்தவர்களில் பெரும்பகுதி படித்த பெரிய மனிதர்கள் அல்லர், இவர்கள்தான்.

நாடகம் பார்க்கும்போது கொட்டை உடைத்துத் தின்பார்கள். குளோப்புக்கு அருகில் இருந்த 'ரோஸ்' என்ற கொட்டகையின் அடித்தளத்தை 1989-ல் தோண்டியபோது, தரை முழுக்கக் கொட்டை ஓடுகள் அகப்பட்டன. தரை கெட்டியாக இருக்கச் சாம்பலோடு கலந்து கொட்டியவையும் அதில் உண்டு. கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன நம் புந்தோங்குக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொரு செய்தி. இங்கிலாந்தில் அப்போது பெண்கள் மேடையேறுவதில்லை. ஜூலியட்டும் டெஸ்டிமோனாவும் மீசை முளைக்காத பையன்கள்தாம். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த பாய்ஸ் கம்பெனிகளிலும் அதே முறைதான். ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கு இருந்த மதிப்பு நம் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த நாடகக் குழுக்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்து ஆடின. ஷேக்ஸ்பியரையும் தமிழன் விட்டுவைக்கவில்லை. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். வெனிஸ் நகர வணிகனை 'வாணீபுரத்து வணிகன்' ஆக்கினார். அந்தச் சபையின் நாடகங்கள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்தன.

பீரங்கி வைத்த தீ

1613 ஜூன் 29. எட்டாம் ஹென்றி மன்னரைப் பற்றிய நாடகம். மன்னர் வரும் காட்சிக்கு மேளதாளம்போல் பீரங்கி வெடித்தார்கள். அதில் அடைத்திருந்த பொருள் எரிந்துகொண்டே பறந்து நாணல் கூரையில் விழுந்தது. நாடகத்தில் லயித்திருந்த சனம் முதலில் புகையைப் பெரிதாக எண்ணவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கொட்டகை முழுவதும் சாம்பல்!

நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் மட்டும் தீப்பிடித்ததாம். கையிலிருந்த பீர் புட்டியைக் கவிழ்த்து அணைத்துவிட்டார்களாம். சர் ஹென்றி வாட்டன் என்ற பிரமுகர் கடிதம் எழுதியதால் இது நமக்குத் தெரிய வருகிறது.

பங்குதாரர்கள் மீண்டும் பணம் போட்டு, 1614-ல் அதே அடித்தளத்தின்மேல் ஓட்டுக் கூரையோடு கட்டினார்கள். ஆனால் 1642-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும், நாடாளுமன்றம் எல்லா நாடகக் கொட்டகைகளையும் மூடச் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்துக் குளோப்பை இடித்து, அங்கே வாடகை வீடுகள் கட்டினார்கள். இடம் மறந்தே போயிற்று.

சுவரில் ஒரு தகடு

முந்நூறு ஆண்டுகள் கடந்தன. 1949-ல் சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் லண்டனுக்கு வந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைக்க வந்து சிகாகோவில் குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில், 1936-ல், அமெரிக்கப் பொருட்காட்சி ஒன்றில் மாதிரியாகக் கட்டிய குளோப் கொட்டகையில் நடித்திருந்தார். அசல் குளோப் இருந்த இடத்தில் பெரிய நினைவு மண்டபம் இருக்கும் என்று எண்ணித் தேடிப் போனார். அங்கே ஒரு பீர் ஆலையின் சுவரில் கறுத்துப்போன வெண்கலத் தகடு ஒன்றுதான் இருந்தது.

அவரால் அதை மறக்க முடியவில்லை. இடதுசாரிக் கருத்துடையவர்களை அமெரிக்கா விரட்டிய 1950களில் அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1970-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, கொட்டகையை மறுபடி கட்டியே தீருவேன் என்று கிளம்பினார். பலர் சிரித்தார்கள். நம் நாட்டுக் கவிஞருக்குக் கொட்டகை கட்ட அமெரிக்காக்காரன் எதற்கு என்று கேட்டார்கள். அவர் நடித்துச் சம்பாதித்ததையும் போட்டார். உலகமெல்லாம் சுற்றி நன்கொடையும் கேட்டார்.

எதிர்ப்பு இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. தெரு கூட்டும் தொழிலாளர்களின் கிடங்கு இருந்த நிலத்தையும் சேர்த்துத்தான் குளோப்புக்கு ஒதுக்கியிருந்தார்கள். 1980களில் அந்த வட்டாரத்துச் சதர்க் நகரமன்றம், ஏழைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட நிலம் இல்லாதபோது சுற்றுப்பயணிகளுக்கு நாடகக் கொட்டகையா என்று கேட்டு மறுத்துவிட்டது. நேயர்களே, நாமாக இருந்தாலும் அதைத்தானே கேட்டிருப்போம்? வீடில்லாதவன் கேட்கும் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் முன்பே செய்த ஒப்பந்தம் இருந்தது. வழக்கு நீதிமன்றம் போய், 1986-ல் அறக்கட்டளைக்குச் சாதகமாக முடிந்தது.

இந்தப் பகுதியைப் படித்தபோது மனம் இரண்டு பக்கமும் போனது. பால்வெட்டி வந்து பசியோடு படுத்த என் அப்பாவுக்கு முதலில் வேண்டியது வீடுதான். ஆனால் அந்த ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டே, இராத்திரி பன்னிரண்டு மணிவரை அரிச்சந்திரன் வசனத்தை மனப்பாடம் செய்தவரும் அவர்தான்.

எழுதி வைத்ததால் பிழைத்தது

இடம் கிடைத்தது. ஆனால் எப்படிக் கட்டுவது? குளோப்பின் வரைபடம் ஒன்றுகூட இல்லை. அறிஞர்கள் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள்.

1596-ஐ ஒட்டி லண்டனுக்கு வந்த டி விட் என்ற டச்சுக்காரர், 'ஸ்வான்' என்ற கொட்டகையின் உட்புறத்தைப் பார்த்து ஒரு படம் கிறுக்கியிருந்தார். அதை அவருடைய நண்பர் நகல் எடுத்து வைத்திருந்தார். அக்கால ஆங்கிலக் கொட்டகைகளில் ஒன்றின் உட்புறத்தை நேரில் பார்த்து வரைந்த படம் என்று நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான்.

குளோப்பைக் கட்டிய அதே பீட்டர் ஸ்திரீட், 1600-ல் 'ஃபார்ச்சூன்' என்ற கொட்டகையை 440 பவுண்டுக்குக் கட்ட ஒப்பந்தம் எழுதினார். மேடை 43 அடி அகலம், மாடிகளின் உயரம் இவ்வளவு என்று அதில் கணக்கு இருக்கிறது. சில இடங்களில் 'குளோப்பில் உள்ளது போலவே' என்று மட்டும் எழுதிவிட்டார்கள்! எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்தது என்று விட்டதுதான் பிறகு யாருக்கும் தெரியாமல் போயிற்று.

1640களில் ஹாலர் என்ற ஓவியர், ஆற்றங்கரைத் தேவாலயக் கோபுரத்திலிருந்து பார்த்து வரைந்த நகரக் காட்சியில் இரண்டாவது குளோப்பின் வெளித்தோற்றம் இருந்தது. 1989-ல் அசல் குளோப்பின் அடித்தளத்தில் ஒரு சிறு மூலையும் மண்ணுக்கடியில் கிடைத்தது. அதற்கு மேலே பழைமையான கட்டடம் ஒன்று இருந்ததால் முழுவதும் தோண்ட வழியில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து, இருபது பக்கங்களும் ஏறக்குறைய நூறு அடி விட்டமும் கொண்டதாக முடிவு செய்தார்கள். சரியான அளவு பற்றிய வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

தியோ கிராஸ்பி என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். பீட்டர் மெக்கர்டி என்ற தச்சர் பழைய முறையிலேயே சட்டங்களை இழைத்தார். பச்சை ஓக் மரம், துளை, மரமுளை. சட்டத்தைத் தாங்க இரும்பு இல்லை. சுவருக்கு ஆட்டு உரோமம் கலந்த சுண்ணாம்புச் சாந்து. கூரைக்கு நாணல். 1666-ல் லண்டன் மாநகரம் எரிந்த பிறகு அங்கே நாணல் கூரைக்கு அனுமதி கிடைத்தது இதுவே முதல் தடவை. பழைய தீயை மறக்காமல் கூரையில் நீர்த்தெளிப்பான் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள்.

சாம் வானமேக்கர் அதை முழுதாகப் பார்க்கவில்லை. முதல் சட்டங்கள் எழுந்து நின்றதைப் பார்த்தார். 1993 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார். 1997 ஜூன் மாதம் இரண்டாம் எலிசபெத் அரசியார் கொட்டகையைத் திறந்துவைத்தார். அசல் இடத்திலிருந்து சிறிது தூரம் தள்ளித்தான் அது நிற்கிறது. அன்று ஒரு பென்னி கொடுத்து நின்றவர்களின் நினைவாக, 1997-லும் முற்றத்தில் நின்று பார்க்க வெறும் ஐந்து பவுண்டுதான் வைத்தார்கள். 2012-ல் உலக மொழிகள் பலவற்றிலிருந்தும் குழுக்களை அழைத்து 37 நாடகங்களை 37 மொழிகளில் ஆடச் செய்தார்கள். இந்தி, உருது, வங்காளம், குஜராத்தி எல்லாம் இருந்தன; தமிழ் இல்லை.

நம் மேடை எத்தனை அடி?

இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லி முடித்தேன். அவன் அடுத்த கேள்வியைப் போட்டான். "நம்ப தோட்டத்து மேடை எத்தனை அடி தாத்தா?"

தெரியவில்லை! உடனே கோலக்கங்சாரில் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசி போட்டேன்.

"இருபது அடி இருக்கும்டா தம்பி. எட்டு டிரம்மு வைப்போம்."

அடுத்து அக்காவைக் கேட்டேன். "அண்ணனுக்கு என்னா தெரியும்? அது எப்பவும் தெரச்சீலைக்குப் பின்னாலதான் நிக்கும். முப்பது அடிக்குக் கொறையாது. பன்னெண்டு டிரம்மு. நான்தானே சாணி போட்டு மொழுகுன இடம்!"

இரண்டு பேரும் கண்ணால் பார்த்தவர்கள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே கணக்கு இப்படி என்றால், இன்னும் இருபது ஆண்டு போனால் என்ன ஆகும்? அப்பா கையால் வசனம் எழுதிய நோட்டுப் புத்தகம் வீடு மாறும்போது தொலைந்துபோயிற்று. யார் யார் எந்த வேடம் கட்டினார்கள், ஆர்மோனியம் யார் வாசித்தார்கள், கிரீடம் எதில் செய்தார்கள் என்பதெல்லாம் இன்னும் சிலருடைய நினைவில்தான் இருக்கிறது.

அன்பான நேயர்களே, நமக்கு வானமேக்கர் வரப்போவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியை உட்கார வைத்து, பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். லயம் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம், மேடை எங்கே என்று ஒரு படம் போடச் சொல்லுங்கள். ஆடியவர்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். டி விட் போட்டதும் பார்த்ததைக் கிறுக்கிய ஒரு படம்தான்.

நாங்கள் போட்டுவிட்டோம். பேரன் அடிக்கோல் வைத்து வரைந்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கிய இடத்தை அண்ணனும் அக்காவும் ஒரே மாதிரி சொன்னார்கள். மேடை இருபத்தைந்து அடி என்று எழுதியிருக்கிறோம். அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.